ஒற்றை ஆளுக்கு எதற்கு இரண்டு கார்புரேட்டர்?

மருத்துவமனையில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அவர் 'கரண்டு'. மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரை ஓட்டுவது அவருடைய வேலை. "கரண்டு போனாத்தான் நம்ம கரண்டு வருவாரு" என்று நர்ஸுகள் சிரிப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அதே சிரிப்புதான். அவரும் அலுக்காமல் ஒரு புன்னகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டடத்தின் பின்னால் இருக்கும் தகரக்கூரை அறைக்குப் போய்விடுவார். சுவரைப் பார்த்தபடி ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கைப்பக்கம் ஜெனரேட்டர். அது ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

வீட்டில் இதற்கு நேர்மாறு. பேச ஆள் கிடையாது. கல்யாணம் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போய், பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வயது நாற்பத்தெட்டு. இருந்த ஒரே தங்கச்சியும் கல்யாணமாகி முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பதினொரு வருடமாகிவிட்டது. முன்னறையில் நாற்காலிகள் இருந்த இடத்தில் இப்போது ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

அது கடையில் வாங்கிய வண்டி இல்லை. சட்டம் ஒரு வண்டியுடையது, டேங்க் இன்னொன்றுடையது, சீட்டு அவரே தைத்தது. இன்ஜின் மட்டும் பழைய இரட்டை சிலிண்டர் இன்ஜின். இரண்டு வருடம் ஒவ்வொரு துண்டாகச் சேர்த்தார். வேலையை ஆரம்பித்த அன்றே தங்கச்சியிடம் போனில் சொன்னார்.

"முதல் ரவுண்டு பின்சீட்டு எனக்கு. வேற யாரையாவது ஏத்தினே, தொலைச்சுடுவேன்" என்றாள் அவள்.

"ஏத்துறதுக்கு இங்க க்யூவா நிக்குது?" என்றார் இவர்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் இரண்டு வருடம் ஓட்டினார். வண்டி தயாரானதும் அதிலேயே அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். பஸ்ஸில் போவதில்லை என்பது அவருடைய வைராக்கியம்.

ஆனால் கடைசி ஒரு வருடமாக அவள் குரல் சுருங்கிக்கொண்டே வந்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அவள்தான் கூப்பிடுவாள். முன்பெல்லாம் கலகலவென்று பேசுவாள். இப்போது ஏதோ சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பது போல இருக்கும். அவளுக்கு அவள் குடும்பம், கடமைக்குக் கூப்பிடுகிறாள் என்று அவரே முடிவு செய்துகொண்டார். பாதி கேட்கும், பாதி கேட்காது. திரும்பத் திரும்ப "என்ன, என்ன" என்று கேட்டு அவளைச் சிரமப்படுத்த மனம் வரவில்லை. "சரி சரி, உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவரே போனை வைத்துவிடுவார். அதன் பிறகு வீட்டில் ஃபேன் சுற்றுகிற சத்தம்தான்.

கடைசியாக மிச்சமிருந்தது கார்புரேட்டர். இன்ஜினுக்கு அதுதான் மூக்கு. காற்றையும் பெட்ரோலையும் கலந்து உள்ளே அனுப்புவது அதன் வேலை. இரட்டை சிலிண்டருக்கு இரண்டு வழி உண்டு. ஒரே கார்புரேட்டரை வைத்து, கவட்டை போலப் பிரிகிற குழாய் வழியாக இரண்டுக்கும் ஊட்டலாம். அல்லது சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு வைக்கலாம். இரண்டு வைத்தால் இழுவை நன்றாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே அளவு காற்றை உறிஞ்சும்படி திருகி வைக்க வேண்டும். ஒன்று கூட, ஒன்று குறைய என்றால் வண்டி காய்ச்சல்காரனைப் போல உதறும்.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைக்காரர் ஒற்றையைத்தான் எடுத்து வைத்தார். இந்த இரண்டு வருடத்தில் கரண்டு மனம்விட்டுப் பேசிய ஆள் அவர் ஒருவர்தான்.

"ஒண்ணு போதும்யா. ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடு உனக்கு எதுக்கு? தினம் பஞ்சாயத்து பண்ணணும்."

"ரெண்டு சிலிண்டருக்கு ரெண்டுதான் அழகு முதலாளி."

"ஒத்தை ஆளு நீ. உனக்கு எதுக்கு ரெண்டு?"

கடைக்காரர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அது சுருக்கென்று தைத்தது. "ரெண்டு குடுங்க" என்றார் கரண்டு. 

இரண்டையும் பூட்டினார். சமப்படுத்த ஒரு கருவியும் செய்தார். மருத்துவமனையில் கழித்துப் போட்ட ஸ்டெதாஸ்கோப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, குழாய் ஒன்றாகச் சேரும் இடத்தில் வெட்டினார். இடது காதுக்கு ஒரு குழாய், வலது காதுக்கு ஒரு குழாய். இடது குழாயின் நுனியை இடது கார்புரேட்டரின் வாயில் வைத்தார், வலதை வலதில். காற்று உறிஞ்சும் 'ஸ்ஸ்' சத்தம் இரண்டு காதிலும் ஒன்றாக வரும்வரை திருகைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். டாக்டரே மெச்சுகிற யோசனை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு யார் சொல்வது?

வலது பக்கம் சத்தம் குறைவாக இருந்தது. வலது திருகை ஏற்றினார். இன்னும் குறைவு. இன்னும் ஏற்றினார். ஒருவழியாக இரண்டு காதும் சமமானபோது வண்டி நின்ற இடத்திலேயே குதித்தது. அலமாரியிலிருந்த டம்ளர் உருண்டு விழுந்தது.

வலது கார்புரேட்டர் சொத்தை என்று கடைக்குக் கொண்டு போனார். கடைக்காரர் வேறொன்று மாற்றிக் கொடுத்தார். அதிலும் அதே கதை. மூன்றாவதிலும் அதே கதை. இடதையும் வலதையும் ஒருமுறை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்திருந்தால் போதும், அன்றே விஷயம் வெளிப்பட்டிருக்கும். குற்றம் கார்புரேட்டர் மேல்தான் என்று மனம் தீர்ப்பு எழுதிவிட்ட பிறகு, சாட்சியை யார் கூப்பிடுகிறார்கள்?

ஒரு ஞாயிறு காலை, இருமுகிற வண்டியைக் கடை வாசலுக்கு ஓட்டிப் போனார். ஸ்டெதாஸ்கோப்பைக் கடைக்காரர் கழுத்தில் மாட்டினார்.

"நீங்களே கேளுங்க. வலது பக்கம் உயிரே இல்ல."

கடைக்காரர் கேட்டார். புருவம் ஏறியது. "வலதுதான்யா இரையுது. இடதுதான் முனகுது."

"உங்க சரக்கைக் காப்பாத்தப் பார்க்காதீங்க முதலாளி."

"எனக்கென்ன தலையெழுத்தா? மூணு தடவை மூஞ்சி சுளிக்காம மாத்திக் குடுத்தேன்ல? உன் காது என்ன செவிடா?"

"மரியாதையா பேசுங்க."

"மரியாதையா? போய்யா! இனிமே இந்தக் கடைப்படி ஏறாதே."

ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி டேங்க் மேல் எறிந்தார் கடைக்காரர். கரண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நான்கு தெரு. உதறுகிற வண்டியில் ஏறிப் போய், கடைக்காரர் சிரிக்கக் கேட்க வேண்டாமே என்றுதான். இருந்த ஒரு ஆளும் போயிற்று என்பது இரண்டாவது தெருவில்தான் அவருக்கு உறைத்தது.

வீட்டில் இன்ஜினை ஓடவிட்டு, எறியப்பட்ட கருவியை எடுத்து மாட்டினார். முறுக்கிக்கொண்டிருந்ததில் இடம் வலம் மாறியிருந்தது அவருக்குத் தெரியவில்லை. வலது கார்புரேட்டரில் குழாயை வைத்தார். பாம்பு சீறுவது போல ஒரு சத்தம் இடது காதில் பாய்ந்தது. அதிர்ந்து போனார். இடது கார்புரேட்டரோ இப்போது முனகியது. கருவியைத் திருப்பி மாட்டினார். வலது முனகியது. மறுபடி மாற்றினார். இடது முனகியது.

எது வலது காதுக்குப் போகிறதோ அது முனகுகிறது.

இன்ஜினை அணைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது காதில் வைத்தார். டிக் டிக் டிக். வலது காதில் வைத்தார். கடிகாரம் நின்றுவிட்டது போலிருந்தது. எடுத்துப் பார்த்தார். முள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடம், வலது கைப்பக்கம் ஜெனரேட்டர். மருத்துவமனையில் காது டாக்டரின் அறை அவர் அறையிலிருந்து நாற்பதடி தூரம். அந்த அறைக்கும் கரண்டு கொடுத்தது இவர்தான்.

நான்கு மணிக்குப் போன் அடித்தது. வழக்கம்போல வலது கையால் எடுத்து வலது காதில் வைக்கப் போனவர், நிறுத்தி, இடது கைக்கு மாற்றினார்.

"அண்ணே!"

போனை ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். "ஏம்மா இப்படிக் கத்துற?"

"கத்துறேனா? ஒரு வருஷமா இப்படித்தானே கத்திக்கிட்டிருக்கேன். பக்கத்து வீட்டம்மா கேக்குறாங்க, ஞாயித்துக்கிழமையானா யார்கூட சண்டை போடுறேன்னு. சரி விடு, நீ வரமாட்டே. வெள்ளிக்கிழமை காலையில கிளம்புறோம். போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன்."

"எங்க கிளம்புறீங்க?"

"விளையாடாதேண்ணே."

"எங்கம்மா?"

"மூணு வாரம் முன்னாடியே சொன்னேன்ல? அவருக்குக் கடல் தாண்டி வேலை மாத்திட்டாங்க. அஞ்சு வருஷம். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துடுச்சு. நீ 'சரி சரி, உடம்பைப் பார்த்துக்கோ'ன்னு சொல்லி வச்சுட்டே. உங்க அண்ணன் மனுஷனா கல்லான்னு இவர் கேக்குறாரு."

"கேக்கலைம்மா."

"என்ன கேக்கலை?"

"வலது காது. உன் சத்தமே கேக்கலை. நான் நெனச்சேன், நீதான் பேச்சைக் குறைச்சுக்கிட்டேன்னு."

"அட லூசு அண்ணே" என்றாள் அவள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். அந்தச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. "பஸ் பிடிச்சு வா. நாளைக்கே வா."

"வண்டியில வர்றேன். பின்சீட்டைத் துடைச்சுத்தான் வச்சிருக்கேன்."

மறுநாள் வேலை முடிந்ததும், ஏறாதே என்ற கடைப்படியில் ஏறி நின்றார். "ஒத்தை கார்புரேட்டரே குடுங்க முதலாளி. என் காதுதான் சரியில்ல. நேத்து சொன்னதுக்கு மன்னிச்சுடுங்க."

கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது போன வாரமே போயிடுச்சு. நீதான் வேண்டாம்னியே." கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்து வைத்தார். "எந்தக் காது?"

"வலது."

"நேத்து நான் திட்டுனது எந்தக் காதுல விழுந்துச்சு?"

"இடதுல."

"அப்ப நல்லாத்தான் விழுந்திருக்கும்." எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். "வா. காது நான் தர்றேன், திருகை நீ திருப்பு."

கால் மணி நேர வேலை. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு "இன்னும், இன்னும், நிறுத்து" என்றார். வண்டி அடங்கி நின்றது. டேங்க் மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் அசையவில்லை.

"வழியில கலைஞ்சா?" என்று கேட்டார் கரண்டு.

"யார்கிட்டயாவது காது கடன் கேளு."

புதன்கிழமை கிளம்பினார். முக்கால் தூரம் வண்டி வெண்ணெயாகப் போனது. பிறகு வந்த குண்டுகுழிச் சாலை திருகுகளைக் கலைத்துவிட்டது. கடன் கேட்கக் கூச்சம். உதறிக்கொண்டே தங்கச்சி வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தார். கட்டி வைத்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே இருந்து அவள் ஓடி வந்தாள்.

"தெருமுனையிலேயே கேட்டுச்சு. இது என்ன வண்டியா, மாவு மிஷினா?"

அவர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் காதில் மாட்டினார். வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்து அவள் கேட்டாள். "இடது பக்கம் கொஞ்சம் கூட. ம்... இப்ப குறைஞ்சிடுச்சு. கொஞ்சம் ஏத்து. போதும், போதும். ரெண்டும் ஒண்ணு." உள்ளே போய்ச் சிவப்பு நகப்பூச்சு எடுத்து வந்தாள். இரண்டு திருகின் தலையிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தாள். "இனிமே கலையாது."

பிறகு பின்சீட்டில் ஏறினாள். ஊரை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். அவள் அவருடைய இடது தோளுக்கு மேலாகவே பேசிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் போன பிறகு முந்நூறு கிலோமீட்டரும் தனியாகத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் காற்று மட்டும்தான்.

இப்போது போனை இடது காதில்தான் வைக்கிறார். காது டாக்டரையும் பார்த்தாயிற்று. போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்று சொல்லிப் பஞ்சு கொடுத்தார். கடல் தாண்டி வருகிற அழைப்பு மாதம் இரண்டு முறை வருகிறது. மற்ற ஞாயிறுகளில் நான்கு மணி சும்மா வந்துவிட்டுப் போகிறது.

வண்டி மறுபடி லேசாக உதறுகிறது. எந்த இன்ஜினும் நாளாக ஆகக் கலையத்தான் செய்யும். அந்தப் பக்கம் வந்த கடைக்காரர் கேட்டார், "காது கொண்டாந்திருக்கேன். திருப்பிடலாமா?"

திருப்பினால் நகப்பூச்சு உடையும். கரண்டு குனிந்து அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகளையும் பார்த்தார்.

"இருக்கட்டும் முதலாளி" என்றார். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்."