தலைக்கனம் குறைக்கப் போனவர்

அவரை எல்லோரும் கிராம் என்றுதான் கூப்பிடுவோம். தபால் அலுவலகத்தில் பார்சல் கவுண்டர் அவருடையது. பொட்டலத்தைக் கையில் வாங்கியதுமே, தராசில் வைப்பதற்கு முன்பே, அது எந்தக் கட்டண வரம்புக்குள் வரும் என்று சொல்லிவிடுவார். வரம்பைக் கொஞ்சம் தாண்டினாலும் விடமாட்டார். "உள்ள காகிதத்தைத் திணிச்சு வச்சிருக்கீங்க. பிரிச்சு ரெண்டு பிடி எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். பார்சல்காரர் சந்தோஷமாகப் போவார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

விடுமுறை நாட்களில் அவர் பறவைப் படம் எடுத்தார். ஊருக்கு வெளியே, நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. எங்கள் புகைப்படச் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் போகிற இடம். முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ், அதற்கேற்ற கேமரா, ஒரு முக்காலி, இவற்றோடு கிராம் கரையோரம் நடப்பார். அந்த முக்காலியின் உச்சியில் கேமராவைப் பிடித்துக்கொள்ளும் உருண்டைத் தலை ஒன்று இருந்தது. கடைக்காரர்கள் அதை பால் ஹெட் என்பார்கள். ஒரு குண்டு, அதைச் சுற்றி ஒரு கிண்ணம், இறுக்க ஒரு திருகு, அவ்வளவுதான் அதன் உடம்பு. கிராமிடம் இருந்தது கல்யாண வீடியோ எடுக்கும் அவருடைய மச்சினன் கொடுத்தது. "மாமா, இது உங்க ஆயுசுக்கும் உழைக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தான். தலை உழைத்ததோ இல்லையோ, கிராமின் தோள் நன்றாக உழைத்தது. ஒரு நாள் சட்டை போடக் கையைத் தூக்க முடியவில்லை. மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, சுமையைக் குறைக்கச் சொன்னார்.

குறைப்பது என்றால் கிராமுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. கவுண்டர் மூடியதும் தன் சாமான்களை ஒவ்வொன்றாக அலுவலகத் தராசில் வைத்துப் பார்த்தார். லென்ஸை விட முடியாது. கேமராவை விட முடியாது. முக்காலியின் கால்கள் ஏற்கெனவே எலும்பும் தோலும். தலையை வைத்ததும் திகைத்துப் போனார். மூன்று கால்களும் சேர்ந்து இருந்த எடைக்கு அந்த ஒற்றைத் தலை ஏறக்குறைய ஈடாக இருந்தது. அன்று முதல் அவருக்கு வேறு நினைப்பில்லை. எடை குறைந்த ஒரு தலை வேண்டும்.

அவருடைய மனைவி கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறவர். நாள் முழுக்கப் பொறுமையைச் செலவழித்துவிட்டு வீட்டுக்கு வருவார். வந்தால் சாப்பாட்டு மேசையில் கணவர் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, எங்கோ பனிமலையில் கையுறை போட்ட ஒருவர் திருகைத் திருகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பால் வாங்கிட்டு வரச் சொன்னேனே?"

"பால்தான் பார்த்துட்டிருக்கேன்" என்பார் கிராம், கண்ணை எடுக்காமல்.

"காப்பிக்கு ஊத்துற பாலைச் சொன்னேன்."

இந்த உரையாடல் அந்த வீட்டில் பல மாதங்கள் நடந்தது. கிராம் அந்த மாதங்களில் பெரிய ஆளாகிக்கொண்டிருந்தார். குண்டின் குறுக்களவு, கிண்ணத்தின் உலோகம், திருகின் பல் என்று எதைக் கேட்டாலும் நிறுத்தாமல் பேசுவார். தேநீர்க் கடையில் சர்க்கரை கலக்கும்போதுகூட, அந்தக் கரண்டியைக் கொஞ்சம் மெல்லிசாகச் செய்திருக்கலாம் என்று கடைக்காரரிடம் சொன்னதாகக் கேள்வி.

கேமராக் கடைக்கு அவர் போனபோது நானும் கூடப் போனேன். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு தராசை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். கடைக்காரர் முகம் மாறிவிட்டது.

"சார், எடைதான் பெட்டியிலயே போட்டிருக்கே."

"பெட்டி சொல்றதை நம்புறதா இருந்தா எங்க ஆபீஸ்ல தராசு எதுக்கு?"

கடையிலிருந்த தலைகள் எல்லாம் தராசில் ஏறி இறங்கின. கடைசியில் ஒன்று அவர் மனத்தைப் பறித்தது. ஆரஞ்சு நிறம். குண்டு ஒரு சின்ன எலுமிச்சம்பழம் அளவு. உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியவில்லை. பெட்டியின் பக்கவாட்டில், இது எவ்வளவு பெரிய கேமராவையும் தாங்கும் என்ற பொருளில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தது. அதை கிராம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்துத் தலையாட்டினார். எடை விஷயத்தில் பெட்டியைத் துளியும் நம்பாத மனிதர், தாங்கும் விஷயத்தில் பெட்டியை அப்படியே நம்பினார். அவருடைய லென்ஸ் அப்போது வீட்டு அலமாரியில் இருந்தது.

வாங்கி வந்த தலையை அவர் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோகவில்லை. முதலில் மழைக்காலம், ஈரம் ஆகாது. பிறகு காற்றுக்காலம், மணல் புகுந்துவிடும். அது வீட்டு வரவேற்பறை மேசையில் ஒரு சின்னக் கேமராவைத் தாங்கிக்கொண்டு நின்றது. வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கையில் கொடுப்பார். "கண்ணை மூடிக்கிட்டுப் பிடிங்க. இருக்கான்னு பாருங்க." வந்தவர்கள் கண்ணை மூடுவார்கள். இல்லை என்பார்கள். கிராம் முகம் மலரும்.

செய்தி சங்கத் தலைவர் காதுக்குப் போயிற்று. தலைவர் ஒரு பல் டாக்டர். எங்களில் பெரிய லென்ஸ் அவருடையதுதான். அதனால்தான் தலைவர் என்று சிலர் சொல்வதுண்டு. அவர் கிராமை ஒரு கூட்டத்தில் பேசச் சொன்னார். 'வெளிக்களப் புகைப்படத்துக்கு எடை குறைந்த தலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்பது தலைப்பு.

கிராம் வெளுத்துக் கட்டினார். பழைய தலையை ஒரு கையிலும் புதிய தலையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, மனிதன் எதற்காகச் சுமக்கிறான் என்கிற அளவுக்குப் போய்விட்டார். கைதட்டல் ஓயவில்லை. அவர் எடுத்த படம் எதையாவது காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரத்துக்குள் சங்கத்தில் பாதிப் பேர் ஆரஞ்சுத் தலை வாங்கிவிட்டோம். மீதிப் பேருக்காகக் கடைக்காரர் இன்னொரு பெட்டி வரவழைத்தார்.

அதற்குப் பிறகு கிராமின் நடையே மாறிப்போனது. யார் முக்காலியை விரித்தாலும் அருகில் போய், "இந்தத் தலையா வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நகர்ந்துவிடுவார். வீட்டில் மனைவி ஒரே ஒரு தடவை சொன்னார்: "தோள்ல இருந்த கனம் போச்சு, சரி. அது வேற எங்கயும் ஏறிக்காம பார்த்துக்குங்க."

அந்த வருடம் குளிர் தொடங்கும்போது சதுப்பு நிலத்தில் ஒரு புதிய பறவை இறங்கியது. வளைந்த நீண்ட அலகு, நெடுங்கால்கள். எங்கள் பக்கம் இதுவரை யாரும் பார்த்ததில்லை என்றார்கள். சங்கமே விடியற்காலையில் கிளம்பியது. தலைவரின் காரில் முன்சீட்டு கிராமுக்கு. பின்சீட்டில் அவருடைய மனைவியும் நானும். மனைவிக்குப் பறவை பார்க்க ஆசை, படம் எடுக்க ஆசையில்லை. ஒரு தொலைநோக்கியும் பிளாஸ்கும் போதும் அவருக்கு.

கரையில் வரிசையாக முக்காலிகள் நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஆரஞ்சு நிறம். பார்க்க ஒரு பள்ளிக்கூடச் சீருடை மாதிரி இருந்தது. கிராம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்த்துவிட்டு வந்து தன் இடத்தில் நின்றார். நீண்ட லென்ஸை அந்தத் தலைமேல் அவர் முதல் தடவையாக ஏற்றியது அப்போதுதான், எங்களில் பலரும் அப்படித்தான்.

நாணலை விலக்கிக்கொண்டு பறவை வெளியே வந்தது. நல்ல வெளிச்சம். எல்லோரும் குனிந்து, அதன் முகத்தைக் கேமராச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, திருகை இறுக்கிக் கையை எடுத்தோம். கையை எடுத்ததும் கேமராக்கள் மெதுவாகத் தலை குனிந்தன. அவசரமே இல்லாமல், மரியாதையாக, வரிசை முழுக்க ஒரே மாதிரி. சட்டத்துக்குள் பறவையின் முகம் போய் மார்பு வந்தது. மார்பு போய்க் கால் வந்தது. பிறகு சேறு.

மறுபடி நிமிர்த்தி இறுக்கினோம். மறுபடி குனிந்தன.

தொலைநோக்கியை இறக்கிவிட்டு கிராமின் மனைவி வரிசையைப் பார்த்தார். "என்னங்க, எல்லாரும் சேர்ந்து அதைக் கும்பிடறீங்களா?"

கிராம் திருகை இன்னொரு சுற்று இறுக்கினார். காது சிவந்திருந்தது.

"கிராம் சார்," என்று தலைவர் தாழ்ந்த குரலில் கூப்பிட்டார், "இது எப்பவும் இப்படித்தான் இறங்குமா?"

"கொஞ்சம் மேல பார்த்து இறுக்குங்க சார். இறங்கி வரும்போது சரியான இடத்துல வந்து நிக்கும்."

எங்கள் சங்கத்துக்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். எல்லோரும் பறவைக்கு மேலே இருந்த வெறும் வானத்தைப் பார்த்துக் கேமராவை இறுக்கிவிட்டு, அது இறங்கி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முகம் வருகிற கணத்தில் பொத்தானை அமுக்க வேண்டும். ஒருவர் இதில் தேர்ச்சியே பெற்றுவிட்டார். "பழகிட்டா வசதியாத்தான் இருக்கு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். வாங்கிய பொருளைக் குறை சொல்ல மனம் வராதவர்களால் எதையும் பழகிக்கொள்ள முடியும்.

தலைவரின் லென்ஸுக்குத்தான் பழகத் தெரியவில்லை. அது மெதுவாக இறங்கவில்லை, சட்டென்று விழுந்தது. விழுந்த வேகத்தில் முக்காலி முன்பக்கம் சாய்ந்து தண்ணீரை நோக்கிப் போயிற்று. கிராம் பாய்ந்தார். லென்ஸை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு சரிவில் சறுக்கி, இடுப்புவரை சேற்றில் உட்கார்ந்தார். லென்ஸில் ஒரு துளி படவில்லை. பறவை பறந்துவிட்டது.

இரண்டு பேர் கையைக் கொடுத்து அவரைத் தூக்கினோம். வலித்த தோளை மறு கையால் பிடித்துக்கொண்டு கரைமேல் நின்றார். அவரைத் திட்டுவதா, லென்ஸைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்வதா என்று தலைவருக்குத் தெரியவில்லை.

"நீங்க இதை எவ்வளவு நாளா வச்சிருக்கீங்க. ஒரு தடவைகூட இப்படி ஆகலையா?"

கிராம் சேறு சொட்டும் கால்சட்டையைப் பார்த்தார். "சார், நான் இதை இன்னைக்குத்தான் முதல் தடவையா வெளியில கொண்டு வந்தேன்."

"அப்போ அன்னைக்குக் கூட்டத்துல பேசுனது?"

"வீட்டு மேசை மேல வச்சுப் பார்த்ததைப் பேசினேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே, நான் எதைப் பார்த்து வாங்கினேன் என்ற கேள்வியும் வந்தது. மற்றவர்களுக்கும் வந்திருக்க வேண்டும். ஒவ்வொருவராகக் குனிந்து முக்காலியை மடக்க ஆரம்பித்தார்கள். கிராமின் மனைவி பிளாஸ்கைத் திறந்து முதல் கோப்பையை அவரிடம் கொடுத்தார். திரும்பும்போது முன்சீட்டில் சேறு படக்கூடாதென்று கிராம் பின்சீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் சங்கத்தை விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தோம். தோள் ஆறியதும் கடைக்குப் போனார் என்று பிறகு கடைக்காரரே சொன்னார். இந்தத் தடவை தராசு இல்லை. கேமரா, நீண்ட லென்ஸ், முக்காலி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போயிருக்கிறார். ஒவ்வொரு தலையிலும் லென்ஸை ஏற்றி, முன்பக்கம் சாய்த்து, இறுக்கி, எதிரே சுவரில் இருந்த ஆணியைச் சட்டத்தின் நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுப்பார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து ஆணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆணி நகர்ந்தால் அந்தத் தலை வேண்டாம். கையை நனைத்துக்கொண்டு வந்து திருகைத் திருகிப் பார்ப்பார். வழுக்கினால் அதுவும் வேண்டாம். "கடைக்கு வந்தவங்க எல்லாம் நாங்க ஆணி விக்கிறோம்னு நினைச்சிருப்பாங்க சார்" என்றார் கடைக்காரர்.

கடைசியில் அவர் வாங்கியது கறுப்பு நிறத்தில், பார்க்க ஒரு லட்சணமும் இல்லாத ஒன்று. மச்சினன் கொடுத்ததைவிட எடை நிறையக் குறைவு, ஆரஞ்சைவிட நிறைய அதிகம். பெரிய குண்டு, கட்டைவிரலுக்கு அடங்குகிற பெரிய திருகு, இடம் வலமாகச் சுழற்ற மட்டும் தனியாக ஒரு சின்னத் திருகு. மீதிச் சுமையைப் பையிலிருந்து குறைத்தார். அன்று தராசில் ஏறாமல் பையின் அடியில் கிடந்த, ஒரு நாளும் வெளியே எடுக்காத இரண்டாவது லென்ஸ் வீட்டில் தங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு இத்தனை வருடம் நடந்தது எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

சங்கம் அவரை மறுபடி பேசக் கூப்பிட்டது. 'தலை தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகள்' என்று தலைப்பு. முதல் கூட்டத்தைவிட அதிகக் கூட்டம். கிராம் கொஞ்ச நேரம்தான் பேசினார். உங்கள் கேமராவைக் கடைக்குக் கொண்டுபோய், ஏற்றி, சாய்த்து, கையை எடுத்துப் பாருங்கள், வேறு எதையும் என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. வெளியே வரும்போது தலைவர் என்னிடம், "முன்ன மாதிரி விஷயம் இல்லையே அவர்கிட்ட" என்று வருத்தப்பட்டார். ஆரஞ்சுத் தலையைப் பற்றித் தலைவர் குறையாக எதுவும் சொல்லவில்லை. காற்று சரியாக இருந்தால் நன்றாகவே நிற்கும் என்றார்.

போன மாதம் ஒரு காலையில் சதுப்பு நிலத்தில் கிராமையும் மனைவியையும் பார்த்தேன். பட்டுப்போன மரத்தில் ஒரு நீர்க்காகம் இறக்கைகளை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. எல்லா நாளும் அங்கே இருக்கிற பறவை, யாரும் அதற்காக முக்காலியை விரிப்பதில்லை. கிராம் விரித்திருந்தார். திருகை இறுக்கிவிட்டுக் கையை எடுத்து, மனைவியைக் கூப்பிட்டு உள்ளே பார்க்கச் சொன்னார். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணு பச்சையா இருக்கே. இத்தனை வருஷமா கறுப்புன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"நானும்தான்" என்றார் கிராம். "நகரு, ஒண்ணு எடுத்துக்கறேன்."

"கொஞ்சம் பொறுங்க. நான் இன்னும் பார்த்து முடிக்கல."