ஐந்து மில்லிமீட்டர்

இரண்டு முறை அளந்தாகிவிட்டது. மூன்றாவது முறைக்கு முன் அக்கா திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, எதிர்ச்சுவரின் வெறும் வெள்ளையைச் சற்று நேரம் பார்க்கிறார். பார்த்த எண்ணைக் கண் மறக்க வேண்டுமாம். “இல்லேன்னா கண்ணு சோம்பேறி. போன தடவை சொன்னதையே சொல்லிட்டுப் போயிரும்.”

குழந்தைகள் இதயப் பிரிவில், எக்ஸ்ரே படத்தைப் பார்த்து இரத்தக்குழாயின் அகலத்தை அளந்து சொல்வது அவர் வேலை. பத்தொன்பது ஆண்டுகளாக அதே நாற்காலி, அதே கண்ணாடித் தடுப்பு. எல்லாருக்கும் அவர் மில்லிமீட்டர் அக்கா. மருத்துவருக்கு வெறும் மில்லிமீட்டர். வீட்டிலும் தப்பவில்லை. “ஜன்னல் துணி வாங்கப் போனா கடைக்காரர் இவளைப் பாத்ததுமே டீ குடிக்கக் கிளம்பிருவார்” என்பார் கணவர். ஆனால் மகளின் சட்டைகளுக்கு மட்டும் அக்கா அளவு பார்ப்பதில்லை. ஓரத்தில் நான்கு விரற்கடை மடித்துத் தைத்திருப்பார். “வளர்ற பிள்ளைக்கு அளவா தைக்கிறது அநியாயம்.”

வேலையில் அவர் அன்றாடம் செய்வது அந்த அநியாயத்தைத்தான்: வளரும் பிள்ளைக்குள் வைக்கப்போகும் வளராத ஒன்றுக்கு, அச்சாக அளவெடுத்துக் கொடுப்பது.

சென்ற மாதம் வந்தது இருபத்தாறு நாள் பெண் குழந்தை. எடை இரண்டு கிலோ எண்ணூறு. உடலின் கீழ்ப்பாதிக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி ஓரிடத்தில் பிறவியிலேயே இழையாகச் சுருங்கியிருந்தது. அறுவையைத் தாங்கும் நிலையில் இதயம் இல்லை. எனவே தொடை வழியாக ஸ்டென்ட் என்னும் சிறு கம்பிவலைக் கூட்டை உள்ளே செலுத்தி, பலூனால் விரித்து, குறுகலைத் திறந்து வைப்பதென முடிவாயிற்று. கூடு சிறிதானால் நழுவும். பெரிதானால் குழாய் கிழியும்.

விளக்குகள் தணிந்தன. குழாயைப் படத்தில் காட்டும் சாயம் உள்ளே பரவ, சாம்பல் நிறத் திரையில் பெருந்தமனி விடியற்கால ஓடைபோல் மெல்லத் தெளிந்து, ஒரு வளைவில் நூலாகி, அப்பால் விரிந்து, கரைந்துபோயிற்று. “இன்னும் கிட்டத்துல ஒண்ணு எடுங்க” என்றார் மருத்துவர். ஓடை பெருகி வந்தது. அக்கா அதன் கரையில் காலை நனைத்து நிற்பவர்போல் ஒரு கணம் லயித்துப்போனார்.

படத்தைப் பெரிதாக்கினால் அளவையும் புதிதாகக் குறிக்க வேண்டும். தொடை வழியாக உள்ளே விட்டிருக்கும், படத்தில் தெரியும் செலுத்துகுழலின் தடிமன் ஒன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர். அதைக் கொண்டுதான் மற்றதை எல்லாம் கணக்கிடுவது. லயிப்பில் அது விட்டுப்போயிற்று.

“ஆறு, சார்.” இரண்டாம் முறையும் ஆறு. உள்ளே செவிலி ஆறு மில்லிமீட்டர் ஸ்டென்டின் உறையைப் பிரித்துவிட்டாள்.

சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அக்காவுக்குக் குழல் சற்றுப் பருத்துத் தோன்றியது. அதை அளந்தார். ஒன்று புள்ளி ஆறு.

“சார், நிறுத்துங்க. நான் சொன்னது தப்பு. அஞ்சு.”

“பிரிச்சாச்சே, மில்லிமீட்டர்.”

“பிரிச்சது போகட்டும் சார். படத்தைப் பெருசாக்கினப்ப நான் அளவை மாத்தல. என் தப்புதான். அஞ்சு.”

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நான்கு ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்தன. மருத்துவர் திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு, “அஞ்சை எடுங்க” என்றார்.

ஐந்து கச்சிதமாகப் பொருந்தியது. சாயம் தங்குதடையின்றிக் கீழே இறங்கிற்று. செவிலி குழந்தையின் பாதத்தில் விரல் வைத்துக் காத்திருந்தாள். “துடிக்குதுக்கா. நல்லாவே துடிக்குது.”

மாலையில் குழந்தையின் தாய் அக்காவின் மேசைக்கெதிரே வந்து உட்கார்ந்தாள். “டாக்டர் எல்லாம் சொன்னாரு. எனக்குத்தான் மண்டையில ஏறல. இவ வளருவாளே, அந்தக் கம்பியும் வளருமா?”

“அது வளராதும்மா. நாங்கதான் அப்பப்ப பலூன் வச்சு விரிச்சு விடணும். அதுக்கும் மேல விரியாதுன்னு ஆகும்போது அறுவை செஞ்சு எடுத்துருவாங்க. அதுக்குள்ள இவ தேறிருவா.”

“எடுத்தப்புறம்?”

“அப்பவும் வருசா வருசம் வரணும். அளந்து பாத்துட்டே இருக்கணும்.”

“எத்தனை வருசத்துக்கு?”

அக்கா புதிய நோட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்து, முதல் வரியில் அன்றைய தேதியையும் ஐந்து என்ற எண்ணையும் எழுதினார். ஸ்கேலை வைத்து, அதன் கீழே வருடத்துக்கு ஒன்றாக வெற்றுக் கோடுகளைப் போட்டுக்கொண்டே வந்தார். பக்கம் தீர்ந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் கோடு போடத் தொடங்கினார்.