பிளாஸ்டிக் ரீப்பை தேய்ந்த கதை

கல்யாணம் முடிந்து மூன்று கிழமையில் என் கணவர் கனடாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்த மூன்று கிழமையில் பாதி விருந்துச் சாப்பாட்டிலும் கோயில்களிலும் போயிற்று. மீதியில் இரண்டு பேரும் மாறி மாறி வெட்கப்பட்டோம். வீட்டார் பேசிச் செய்த கல்யாணம். அவர் வெருகல் பக்கம், நான் இலங்கைத்துறை. விமான நிலையத்தில் அவர் கடைசியாகச் சொன்னது, "அப்ப நான் போயிட்டு வாறன்." நான் சொன்னது, "ஓம்." எங்கள் காதல் வசனம் அவ்வளவுதான்.

நான் நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, வள்ளங்களின் எஞ்சின்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடை ஒன்றில் வேலை செய்தேன். அவர் கனடாவின் வடக்கில், ஒரு மரம் அறுக்கும் ஆலையில். எனக்குக் காலை ஏழு மணி என்றால் அவருக்கு முந்தின நாள் இரவு எட்டரை. ஆலைப் பக்கம் சிக்னல் கிடையாது. அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து என்னுடைய ஏழு மணிக்கு அழைப்பார். ஏழரைக்கு நான் கடைக்கு வெளிக்கிட வேண்டும். அந்த அரை மணித்தியாலம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. அதிலும் "சாப்பிட்டீங்களோ?" "ஓம், நீங்கள்?" என்று மூன்று நிமிடத்தில் கதை எல்லாம் தீர்ந்துவிடும். மிச்ச நேரம் அவர் எனக்குப் பின்னால் இருந்த அலுமாரியைப் பார்ப்பார். நான் அவருடைய குசினிச் சுவரைப் பார்ப்பேன். "இது என்ன கல்யாணமடி, ரெண்டு பேரும் தளபாடக் கடைக்கு வந்தாக்கள் மாதிரி" என்று அக்கா சிரிப்பாள்.

அங்கே பனி விழத் தொடங்கியதும் எல்லாம் மாறியது. ஒரு நாள் காலை அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் திரையில் வந்து நின்றார். மீசையில் ஐஸ். மூச்சு வாங்கியது.

"பிந்திப்போச்சோ?" என்றார்.

"இல்லை, இப்பதான் ஏழு. என்ன கோலம் இது?"

"ஸ்னோமொபைல் எடுத்தனான், பனியில ஓடுற வண்டி. பழசுதான். ஆனா கீழ ஏதோ எரியிற மணமா இருக்கு. பொறுங்கோ, காட்டுறன்" என்று ஃபோனைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போய், வண்டியின் அடியில் படுத்தார். எனக்குத் திரையில் முதலில் அவருடைய மூக்கு, பிறகு ஒரு டோர்ச் வெளிச்சம், பிறகு மெழுகுதிரி மாதிரி உருகி வழிந்த ஒரு கறுப்புச் சாமான்.

அதற்குப் பிறகு அவர் பேசினார் பாருங்கள்! எனக்கு வாய்த்தவர் ஊமை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அந்த வண்டிக்கு முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை இருக்குமாம். பின்னால் சில்லுக்குப் பதிலாக அகலமான ரப்பர் பெல்ட் ஒன்று சுற்றுமாம். பெல்ட்டுக்கு உள்ளே, வண்டியின் பாரத்தைத் தாங்க, இரண்டு நீளமான தண்டவாளங்கள். அவற்றின் அடியில், நாங்கள் கூரைக்கு அடிக்கிற ரீப்பைச் சட்டம் போல, நீளமான பிளாஸ்டிக் செருகியிருக்கும். பெல்ட்டில் உள்ள இரும்புக் கொளுவிகள் ஓடுகிற நேரமெல்லாம் அந்தப் பிளாஸ்டிக்கில் உரசும். பெல்ட் பனியை அள்ளி உள்ளே எறிந்தால் பிளாஸ்டிக் குளிர்ந்து, வழுக்கிக்கொண்டு ஓடும். பனி இல்லாத வெறும் ஐஸில் ஓடினால் சூடேறி உருகிவிடும்.

"அப்ப நீங்கள் எதில ஓடினீங்கள்?" என்று கேட்டேன்.

"ஏரியில. உறைஞ்சு கிடக்கு. காத்து பனியெல்லாத்தையும் கூட்டித் தள்ளிப்போட்டுது. வெறும் ஐஸ்."

"வேற பாதை இல்லையோ?"

"இருக்கு. ஏரியைச் சுத்தி, காட்டுக்குள்ளால. நல்ல மெத்தைப் பனி."

"பிறகேன் ஏரியால வாறீங்கள்?"

அவர் தலையைச் சொறிந்தார். "சும்மாதான்."

எனக்கு "சும்மா" என்ற சொல்லைக் கேட்டாலே பத்திக்கொண்டு வரும். காரணம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா வள்ளத்தைக் கரையில் ஏற்றும்போது யாராவது காய்ந்த மணலில் இழுத்தால் தொண்டை கிழியக் கத்துவார். "ஈர மண்ணால இழு! தண்ணி ஊத்து! அடி தேயுது, உன்ர தோலையோ உரிச்சு ஒட்டுறது?" என்பார். அந்தக் கத்தல் அப்படியே எனக்குள் இருந்திருக்கிறது. கல்யாணம் கட்டிய நாளில் இருந்து தலை குனிந்து பேசிய நான், ஒரு பிளாஸ்டிக் ரீப்பைக்காக வாயைத் திறந்தேன்.

"தெரிஞ்சுகொண்டு காய்ஞ்ச தரையால இழுக்கிறீங்களே, உங்களுக்கு மண்டைக்குள்ள என்ன, மரத்தூளோ?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அக்கா குசினியில் கரண்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் அவர், வண்டிக்கு அடியில் படுத்தபடியே, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கடவுளே, அன்றைக்குக் கடைக்குப் போகும் வழியெல்லாம் சிரிப்பு. தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அதன் பிறகு காலை ஏழு மணி என்றால் எங்கள் வீட்டில் கராஜ் திறந்த மாதிரிதான். அவர் ஃபோனை வண்டிக்கு அடியில் பிடிப்பார், நான் இங்கிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு தீர்ப்புச் சொல்வேன். இரவெல்லாம் அந்த வண்டியைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் ரீப்பை கெதியாகத் தேயும் என்று கண்டுபிடித்து, "முதல்ல அதைத் தளர்த்துங்கோ, உங்கட காற்சட்டைப் பட்டியே இது?" என்றேன். தளர்த்தினார். தண்டவாளத்தில் மேலதிகமாக இரண்டு சின்னச் சில்லுகள் பூட்டினால் பாரம் ரீப்பையில் இருந்து இறங்கும் என்றேன். பூட்டினார். ஐஸைச் சுரண்டுகிற வில்லுக்கம்பி என்று ஒன்று இருக்கிறது. அது தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டே ஐஸைக் கீறி, தூளைப் பெல்ட்டுக்குள் எறியும். "இதுதான் எங்கட அப்பா தண்ணி ஊத்துற வேலை!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது. அதையும் பூட்டினார்.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். கடையில் ஒருவர் வந்து எஞ்சினுக்கு ஒயில் சீல் கேட்க, "பனியிலயோ ஐஸிலயோ ஓடுறீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். மனுசன் வெளியே எட்டி வெயிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நான் கிண்ணியாவில இருந்து வாறன்" என்றார் மெதுவாக.

ஒன்றுதான் எனக்கு அடங்காத கோபம். இவ்வளவு செய்தும் ரீப்பை தேய்ந்துகொண்டே போயிற்று. பிளாஸ்டிக்கின் பக்கத்தில் ஒரு கோடு இருக்கும், அந்தக் கோடு வரை தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். அவருடையது மற்றவர்களுடையதைவிட எவ்வளவோ முந்திக் கோட்டைத் தொட்டது. ஏனென்றால் மனுசன் ஏரியை விடவே இல்லை. "காட்டுப் பாதையால வாங்கோ" என்று நானும் ஒவ்வொரு நாளும் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். "ஓமோம்" என்பார். அடுத்த நாளும் மீசையில் ஐஸோடு, "பிந்திப்போச்சோ?" என்று வந்து நிற்பார். "ஏரியாலதானே வந்தனீங்கள்?" "ஓம்." "ஏன்?" "சும்மா." விசரன்! வாய்விட்டே சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

அப்படியிருக்கும்போதுதான் விசா நேர்காணலுக்குக் கொழும்புக்கு வரச்சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. அவரிடம் முதலில் தொலைபேசியில் விசாரிப்பார்கள், பிறகு என்னிடம் நேரில். இது உண்மையான கல்யாணம்தானா, விசாவுக்காகக் கட்டிய பொய்க் கல்யாணமா என்று பார்ப்பார்களாம். பொய் என்று எழுதிவிட்டால் சேர்ந்து வாழ்வது எந்தக் காலத்திலோ. ஆரம்பத்தில் இந்த விசா கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்த நாட்கள் உண்டு. இப்போது அப்படி இல்லை. எனக்கு அந்த மனுசன் வேண்டும். தலையைச் சொறிகிற, சும்மா என்கிற அந்த மனுசன்தான் வேண்டும்.

நேர்காணலுக்குக் காட்ட வேண்டும் என்று அக்கா எங்கள் குறுஞ்செய்திகளைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு முகம் வெளிறியது.

"என்னடி இது? ஒரு செல்லக் கதை இல்லை, ஒரு கொஞ்சல் இல்லை. முழுக்க பிளாஸ்டிக் படம்! 'கோடு வரைக்கும் வந்திட்டுதோ' எண்டு கேக்கிறாய். 'இல்லை, ஒரு நூல் கிடக்கு' எண்டு அவர் சொல்லுறார். இதைப் பாத்து ஆர் உங்களைப் புருசன் பெண்சாதி எண்டுவினம்?"

அவளே என் ஃபோனைப் பிடுங்கி, அவருக்கு ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள். உடனே பதில் வந்தது: "என்ன, உடம்பு சரியில்லையோ?"

அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு கேள்வி கேட்டுப் பழக்கினாள். அவருக்குப் பிடித்த நிறம் என்ன? தெரியாது. பிடித்த படம்? தெரியாது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவரோ தன்னுடைய விசாரணை முடிந்த பிறகு, "கேட்டதுக்குச் சொன்னன்" என்று மட்டும் சொன்னார். என்ன கேட்டார்கள் என்றால், "வண்டியைப் பற்றித்தான் கூடக் கேட்டவை" என்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

நேர்காணல் அறையில் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். அவருக்குப் பிடித்த நிறத்தைக் கேட்டார்கள். "தெரியாது" என்றேன். பிடித்த சாப்பாடு? "எது குடுத்தாலும் நல்லாயிருக்கு எண்டுவார்" என்றேன். அந்த அம்மா எழுதாமல் பேனையை உருட்டினார்.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் ஒவ்வொரு நாளும் என்னதான் கதைக்கிறீங்கள்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

சரி, போகிறது போகட்டும் என்று வாயைத் திறந்தேன். தண்டவாளத்தில் தொடங்கினேன். கொளுவி, பெல்ட், மேலதிகச் சில்லு, வில்லுக்கம்பி, தேய்கிற கோடு. மேசையில் இருந்த, கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து ரீப்பை எப்படிச் செருகுவது என்று காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் பாவம், பாதி வழியில் மூச்சு முட்டிக் கையைக் காட்டினார். எனக்கு நிறுத்த ஏலவில்லை. "எல்லாம் செய்தும் அது தேயுது, அம்மா! ஏனெண்டா அந்த மனுசன் சொல்வழி கேக்கிறேல்லை. காட்டுப் பாதையில அவ்வளவு நல்ல பனி கிடக்க, நாளாந்தம் வெறும் ஐஸால வாறார். ஏன் எண்டு கேட்டா சும்மா எண்டுறார். நீங்களே சொல்லுங்கோ, இப்பிடி ஒரு பிடிவாதக்காரனோட என்ன செய்யிறது?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார், ஆனால் தோள் குலுங்கியது. முன்னால் இருந்த தாள்களைப் புரட்டி, ஏதோ மெதுவாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார்.

"இதே கேள்வியை இவ உங்கட கணவரிட்டையும் கேட்டவவாம். தேயும் எண்டு தெரிஞ்சும் ஏன் ஐஸால போறீங்கள் எண்டு."

"இவவுக்கும் சும்மா எண்டுதானே சொல்லியிருப்பார்?"

"இல்லை. ஏரியைச் சுத்தி வந்தா அரை மணித்தியாலம் பிந்துமாம். அதுக்குள்ள நீங்கள் வேலைக்குப் போயிடுவீங்களாம்."

அடிமட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன், கண்ணீர் விரல் இடுக்கால் வழிந்தது. அத்தனை நாளும் "பிந்திப்போச்சோ?" என்று அவர் கேட்டது எனக்கு இப்போதுதான் காதில் விழுந்தது. நான் திட்டத் திட்ட, அந்த விசரன் தன் வண்டியை உருக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடி வந்திருக்கிறான்.

வெள்ளைக்கார அம்மா தாளில் ஏதோ எழுதி, கோப்பை மூடினார். மொழிபெயர்ப்பாளர் அவர் சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இனி ஏரியைச் சுத்தியே வரச் சொல்லட்டாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விசா கிடைத்துவிட்டது என்று விளங்கியதும் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பிவிட்டேன். அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்க மேசை தடுத்தது, நல்ல காலம்.

வெளியே வெயில். அங்கே அவருக்கு நடுச்சாமம் என்று தெரிந்தும் தெருவோரத்தில் நின்று அழைத்தேன். நித்திரை கலையாத குரலில், "என்ன, என்ன நடந்தது?" என்றார்.

"இஞ்சேருங்கோ, இனி அவசரப்படாமல் காட்டுப் பாதையால வாங்கோ" என்றேன். "நான் வீட்டிலதான் இருப்பன்."