இளவேனில் எழுதிய பச்சைமலை

இளவேனிலைத் தொண்டைதான் முதலில் கைவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஏழு வருடம் தமிழ் டீச்சர். வகுப்புக்கு ஐம்பத்திரண்டு பிள்ளைகள், நாளைக்கு ஆறு பீரியட். கத்திக் கத்திக் குரல்நாணில் காய்ப்பு விழுந்துவிட்டது. இனியும் உரக்கப் பேசினால் உள்ள குரலும் போய்விடும் என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் ஒரு சால்வையைப் போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். ஏழு வருடக் குரலுக்கு ஒரு கடிகாரம், அதுவும் பேட்டரி இல்லாமல்.

பேச முடியாதவள் எழுதலாமே என்று நினைத்தாள். தப்பில்லாத தமிழ் அவளுக்குக் கைவந்த விஷயம். வீட்டில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் எழுதிச் சம்பாதிக்கலாம் என்று ஆளாளுக்கு வீடியோ போட்டுச் சொல்கிறார்களே, அதில் நாலைந்தை அவளும் பார்த்தாள். பார்த்தவர்களில் எத்தனை பேர் சம்பாதித்தார்கள் என்பதை மட்டும் எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.

கணவன் ரெங்கராஜுக்குக் கைலாசபுரம் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டிங் வேலை. காலையில் அவன் கிளம்பியதும் திருவானைக்காவல் வீட்டில் அவள் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்காருவாள். ஃப்ரீலான்ஸ் தளங்களில் பெயர் பதிந்தாள். ‘தமிழ் எழுத்தாளர் தேவை’ என்று ஃபேஸ்புக்கில் எங்கே கண்டாலும் விண்ணப்பித்தாள். ஐந்து மாதத்தில் அறுபதுக்கு மேல் இருக்கும். பெரும்பாலும் பதில் வராது. வந்தால் ஒரே கேள்விதான்: “ஏற்கெனவே வெளியான கட்டுரை லிங்க் இருக்கா?”

வேலை கொடுத்தால்தான் லிங்க் வரும், லிங்க் இருந்தால்தான் வேலை கொடுப்பார்கள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் எதிரே வந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம். இளவேனிலுக்கு அதற்கும் குரல் இல்லை. காசுகூட அவளுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. தன் பெயர் போட்டு ஒரே ஒரு கட்டுரை எங்காவது வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நம்பினாள். ரெங்கராஜ் கெட்டவனில்லை. “என்ன, ஏதாச்சும் அமைஞ்சுதா?” என்று சாப்பிடும்போது அக்கறையாகத்தான் கேட்பான். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டே அவள் பரிமாறிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

ஒரு வியாழக்கிழமை மாலை அஜித் என்பவரிடமிருந்து பதில் வந்தது. சுற்றுலாத் தளம் ஒன்று நடத்துகிறாராம். ‘பச்சைமலைக்கு ஒரு பயணம்’, எண்ணூறு வார்த்தை, சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் வேண்டும், பிடித்திருந்தால் அவள் பெயரிலேயே போடுவோம் என்று எழுதியிருந்தார். லிங்க் கேட்கவில்லை. அவள் அதை மூன்று முறை படித்தாள்.

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? நாலு தளத்தைத் திறந்து, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் கிள்ளிப் போட்டு, ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார்கள். இளவேனில் துறையூர்க்காரி. பிறந்த வீட்டு மொட்டைமாடியில் நின்றால் பச்சைமலை தெரியும். ஆனால் ஒருநாளும் ஏறியதில்லை. போகாத இடத்துக்குப் போனதாக எழுத அவளுக்கு மனசு வரவில்லை. காப்பி அடிக்காதே, காப்பி அடிக்காதே என்று கத்தியே குரலைத் தொலைத்தவள்.

“அம்மாகூட ஒரு நாள் தங்கிட்டு வந்துடறேங்க” என்று கணவனிடம் சொன்னாள். ஒரு கட்டுரைக்காக மலையேறப் போகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ், அங்கிருந்து மலை பஸ். அந்த ஐந்து மாதத்தில் அவள் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நாள்தான். சாமை வயல், மரவள்ளிக் கொல்லை, கண்டக்டர் வீடு வீடாக நிறுத்தி மளிகைப் பையை இறக்கிக் கொடுத்தது, எல்லாவற்றையும் நோட்டில் குறித்தாள். மாலையில் இறங்க வேண்டிய பஸ் வரவேயில்லை. ரிப்பேராம், இனி நாளைக்குத்தான் என்றார்கள். போனில் சிக்னலும் இல்லை. ஜோதி என்ற விவசாயக் குடும்பத்துப் பெண் தன் வீட்டில் தங்கவைத்து, மரவள்ளிக்கிழங்கை அவித்து, உப்பும் மிளகாயும் தட்டிப்போட்டுக் கொடுத்தாள். “வர்றவங்க அருவியப் பாக்கறாங்க, போட்டோ எடுக்கறாங்க, போயிடறாங்க. எங்களுக்கு பஸ் ஒழுங்கா வராததப் பத்தி யாராச்சும் எழுதுனா தேவலங்க” என்றாள் ஜோதி. இளவேனில் அதையும் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் துறையூரில் இறங்கும்போதே மணி ஒன்று. அம்மா வீட்டில் உட்கார்ந்து, போனிலேயே தட்டி, நாலரைக்கு அனுப்பினாள். தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டாள். அஜித்திடமிருந்து இரண்டே வரி வந்தது: “டைம் முடிஞ்சுடுச்சு மேடம். வேற ஆள வச்சு முடிச்சுட்டோம்.”

திருச்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கட்டுரை நன்றாக வந்திருந்தது என்பது அவளுக்கே தெரியும். அதுதான் அதிகமாக வலித்தது.

பத்து நாள் கழித்து, சென்னையில் பெண்களுக்கான தளம் ஒன்றுக்கு எழுத ஆள் தேடிக்கொண்டிருந்த ஸஹ்ரா, “லிங்க் இல்லாட்டி பரவால்லங்க, நீங்க எழுதினதுல நல்லதா ஒண்ணு அனுப்புங்க” என்றாள். அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான். இளவேனில் பச்சைமலையை அனுப்பினாள். மறுநாள் மதியம் பதில் வந்தது.

“இது போன வாரமே வேற தளத்துல வந்த கட்டுரை. வரிக்கு வரி அப்படியே இருக்கு. டீச்சரா இருந்தேன்னு சொன்னீங்க. அடுத்தவங்க எழுதினத உங்களுதுன்னு அனுப்பலாமாங்க?”

கீழே ஒரு லிங்க் இருந்தது. திறந்தாள். அவள் வைத்த தலைப்பு. அவள் எழுதிய முதல் வரி. கண்டக்டர், மளிகைப் பை, கிழங்கு, மிளகாய், எல்லாம் இருந்தன. பஸ் ஒழுங்காக வருவதில்லை என்று ஜோதி சொன்னதை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். எழுதியவர்: அஜித்.

நோட்டைப் படமெடுத்து ஸஹ்ராவுக்கு அனுப்பினாள்; பதில் இல்லை. அஜித்துக்கு அனுப்பியது போய்ச் சேரவேயில்லை. அவர் இவளை பிளாக் செய்திருந்தார்.

அன்று மாலை ரெங்கராஜ் வழக்கத்துக்கு மாறான உற்சாகத்தோடு வந்தான்.

“இங்க பாரேன், எங்க பட்டறை குரூப்புல வந்துச்சு. பச்சைமல. உங்க ஊருப் பக்கந்தான? ஞாயித்துக்கிழம எல்லாரும் போவோம்ங்கறாங்க” என்று போனை நீட்டினான். அவள் கை நீட்டி வாங்கவில்லை. அதனால் தட்டின் முன் உட்கார்ந்து அவனே வாய்விட்டுப் படித்தான். கிரிக்கெட் ஸ்கோரைத் தவிர எதையும் படிக்காதவன். அவளுடைய ஒரு வரியைக்கூட இதுவரை படித்ததில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நன்றாகவே படித்தான். கிழங்கு வந்த இடத்தில், “எனக்கே வாயூறுது” என்று சிரித்தான்.

சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் அம்மாவோடு தங்குகிறேன் என்றல்லவா போனாள்? மதியம்தான் ஒருத்தி திருடி என்று சொல்லாமல் சொல்லியிருந்தாள். இவனும் நம்பாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டால் அதைத் தாங்க முடியாது.

“யாரோ அஜித்தாம். நேர்ல போயிப் பாக்காம இப்படி எழுத முடியாது. கெட்டிக்காரன்” என்றான். பிறகு, அவள் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி ஆதரவாகச் சொன்னான்: “நீயும் இத மாதிரி எழுதிப் பாரேன் இளா. இப்படி எழுதினா யாரு வேணாம்பாங்க?”

அவள் அவன் தட்டில் சாம்பாரை ஊற்றினாள்.

“பாக்கறேங்க” என்றாள்.