பிரியாணிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சென்ட் கடை

சென்னையில் ஒரு பெரிய மாலின் தரைத்தளத்தில், கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்று சென்ட் விற்றவள் நான். கறுப்புக் கோட்டு, கறுப்புப் பேன்ட், இழுத்துக் கட்டிய கொண்டை. உள்ளே வருகிறவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்தப் பாட்டிலை எடுக்க வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்துவிடும். முழங்கால் வரை தொங்கும் டீ-ஷர்ட்டும் தடித்த வெள்ளை ஷூவுமாக வருகிற பையன்களுக்கு, எட்டு அடி தள்ளி நிற்பவரையும் திரும்பிப் பார்க்க வைக்கிற வாசனைதான் வேண்டும். கசங்கிய லினன் சட்டைக்காரர்களுக்கு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் வாசனை. விடுமுறை நாளில் நானும் கூட வேலை பார்த்த தோழியும் பாண்டி பஜார் நடைபாதையில் நின்றுகொண்டு, கடந்து போகிறவர்கள் பூசியிருப்பது என்ன என்று பந்தயம் கட்டுவோம். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தத் தைரியத்தில்தான் வேலையை விட்டுவிட்டு, சொந்தக் கடை போடத் திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்தேன். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி. அண்ணன் செல்போன் கடை வைத்திருப்பவர். கவர், சார்ஜர் வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு சின்ன இடத்தை வாடகைக்குப் பிடித்து வைத்திருந்தார். அதை எனக்குக் கொடு என்று கேட்டேன்.

"தீபாவளி வரைக்கும் பாரு. ஓடலைன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம சாவியக் கொடுத்துரணும்" என்றார்.

"ஓடும்ணே" என்றேன்.

இடத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சுவரை ஒட்டி இந்தப் பக்கம் பிரியாணிக் கடை, அந்தப் பக்கம் தையல் கடை. காலை பத்து மணிக்கு அண்டாவைத் திறந்தால் தெருவே மணக்கும். அதற்கு நடுவில் யாருக்குச் சென்ட் வாசனை தெரியப் போகிறது என்று கேட்டார்கள். கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கடை போட வேண்டும் என்பது என் கணக்கு. கணக்கு தப்பவில்லை. பிரியாணி சாப்பிட்டு வெளியே வருகிற கல்லூரிப் பையன்கள் பைக்கில் சாய்ந்து பல் குத்திக்கொண்டே என் போர்டைப் படித்தார்கள். படித்தவர்கள் உள்ளேயும் வந்தார்கள். சிக்கல் உள்ளே வந்த பிறகுதான்.

சென்ட்டைக் காட்டும்போது மணிக்கட்டில் தெளித்து முகர்ந்து பார்க்கச் சொல்வது வழக்கம். வருகிற ஒவ்வொருவரும் வலது கையை நீட்டினார்கள். அது இப்போதுதான் மட்டன் பிரியாணி பிசைந்த கை. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கொழுப்பும் மசாலாவும் விரலை விட்டுப் போகாது. நான் சந்தனம் தெளித்தால் அவர்கள் முகர்ந்தது சந்தனப் பிரியாணி. ரோஜா தெளித்தால் ரோஜாப் பிரியாணி. "பரவால்லக்கா, ஆனா பசிக்குது" என்று ஒருவன் சொல்லிவிட்டு மறுபடியும் பக்கத்துக் கடைக்கே போனான்.

இடது கையை நீட்டச் சொல்வதுதான் வழி என்று நினைத்தேன். மாலில் எந்தக் கை என்று யாரும் கவலைப்பட்டதில்லை. இங்கே ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் கும்பலாக வந்தார்கள். மாப்பிள்ளையின் தோழர்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை தைத்திருந்தார்கள், ஒரே வாசனையும் வேண்டுமாம். கூட வந்த தாய்மாமனிடம் நான் மிகுந்த மரியாதையோடு, "இடது கையை நீட்டுங்கப்பா" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஏத்தா, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பீச்சாங்கைய நீட்டச் சொல்ற? அந்தக் கையில வாங்கிக்கிட்டு எங்க போயி மோந்து பாக்கச் சொல்ற?"

நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஒரே நிறச் சட்டைகள் எல்லாம் படியிறங்கிப் போய்விட்டன. அண்ணன் காதுக்கு விஷயம் அன்றைக்கே எட்டியது. அவர் தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் அண்ணியிடம் சத்தமாகக் கேட்டார்.

நான் அழுகிற ஆள் இல்லை. பக்கத்துத் தையல் கடைக்காரர் சின்னாளப்பட்டிச் சுங்குடித் துணியில் பையன்களுக்குத் தொளதொளவென்று சட்டை தைத்துக் கொடுப்பார். அப்போது ஊரில் அதுதான் மோஸ்தர். வெட்டி எறிந்த துண்டுத் துணியை அவரிடம் கேட்டு வாங்கி, அலசிக் காயவைத்து, ஆளுக்கு ஒன்றாக நறுக்கி வைத்தேன். கையே வேண்டாம். துணியில் தெளித்து, "வீட்டுக்குக் கொண்டு போங்க. நாளைக்கு மோந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று அனுப்பினேன்.

வியாபாரம் அதற்குப் பிறகுதான் அசைந்தது. நகரத்தில் ஒருவர் தனக்குப் பிடித்ததைத் தானே வாங்கிப் போவார். எங்கள் ஊரில் அப்படியில்லை. சட்டை எடுப்பதானாலும் செருப்பு எடுப்பதானாலும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவாகாது. பையன்கள் கொண்டுபோன துணியை அம்மாவும் அக்காவும் பெண்டாட்டியும் முகர்ந்து பார்த்தார்கள். "தலைவலிக்குதுன்னு சொல்றா, வேற கொடுங்க" என்று மறுநாள் வந்து நின்றார்கள். சில நாளில் துணியோடு பெண்களே வர ஆரம்பித்தார்கள். ஆனாலும் அண்ணன் கேட்டபடி ஓடுகிறது என்று சொல்கிற அளவுக்கு இல்லை. புரட்டாசியும் முடியப் போகிறது.

அப்படி ஒரு மத்தியானம் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். காய்கறி மண்டி நடத்துகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மகன் கொண்டுவந்த துணித் துண்டை மேஜையில் வைத்துவிட்டு, "ஏனுங்க, இது வேண்டாங்க. மல்லிப்பூ வாசத்துல ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலக்கோட்டைப் பூ லாரி லாரியாக இறங்குகிற ஊர் இது. "மல்லிக்கு எதுக்கும்மா சென்ட்டு? வெளிய போனா முழம் முழமா விக்கிறாங்களே" என்றேன்.

"விக்கிறாங்கங்க. எம் மருமகளுக்கு நித்தமும் நாந்தான் வாங்கிட்டுப் போறேன்." அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எந் தலையில வைக்க முடியுங்களா? ஊட்டுக்காரரு போயி எட்டு வருசமாச்சு. பாட்டில்ல இருந்தா யாரு கண்ணுக்குத் தெரியப் போகுது, சொல்லுங்க?"

என்னிடம் இல்லை. வரவழைத்துத் தருகிறேன் என்று அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு மண்டியையே கட்டி ஆள்கிற பொம்பளை, ஒரு பூவுக்கு இப்படி வழி தேட வேண்டியிருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா முறத்தில் உதிரி மல்லியைக் கொட்டி, எனக்கும் அண்ணிக்கும் தொடுத்துக்கொண்டிருந்தாள். தினமும் செய்கிற வேலைதான். தொடுத்து முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவுவாள். கழுவுவதற்கு முன்னால் விரல்களை ஒரு நொடி மூக்கருகே கொண்டு போனாள். இதையும் தினமும் செய்திருப்பாள். நான்தான் அன்றைக்குப் பார்த்தேன்.

மறுநாளே மும்பையிலும், வடக்கே அத்தர் காய்ச்சுகிற கன்னோஜிலும் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். வந்த மாதிரிகள் பலவும் குளியல் சோப்பு வாசனை. திருப்பி அனுப்பினேன். மல்லி மொட்டாக இருக்கும்போது ஒரு பச்சை வாசம் இருக்கும், விரியும்போது அது லேசாக இனிக்கும். அந்த இரண்டும் சேர்ந்து வேண்டும் என்று விடாமல் நச்சரித்தேன். எங்கள் ஊர்க்காரியை மல்லியில் ஏமாற்ற முடியாது. கடைசியில் ஒரு சின்னப் பாட்டில் சரியாக வந்தது.

அதை முதலில் வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். அன்றைக்குப் பூக்காரர் வரவில்லை. அண்ணி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு இருந்தாள். அம்மா டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு எதுக்குடீ இதெல்லாம்? பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

"பாக்குறதுக்கு என்னம்மா இருக்கு இதுல?" என்று சொல்லிவிட்டு, பூ வைத்தால் சரம் வந்து விழுகிற இடத்தில், பின்கழுத்தில், ஒரு சொட்டுத் தொட்டு வைத்தேன். அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

செத்த நேரத்தில் அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "தீபாவளி கிட்ட வந்துருச்சு. போர்டு மாத்துறதுக்கு நாளைக்கு ஆளு வருது. சாவிய இப்பவே எடுத்து வச்சுரு. தீபாவளி வியாபாரத்த நானாவது..."

உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றார். என் தலையைப் பார்த்தார், அண்ணியின் ஈரத் தலையைப் பார்த்தார். "யாரு பூ வச்சிருக்கா?" என்றார்.

"நாந்தேன்டா" என்றாள் அம்மா.

அண்ணன் அம்மாவின் தலையைப் பார்த்தார். நரைத்த கொண்டை, வேறொன்றும் இல்லை. பக்கத்தில் போய்க் குனிந்தவர் சட்டென்று நிமிரவில்லை. அம்மா திரும்பாமலே, "ஏன், நல்லா இல்லையா?" என்று கேட்டாள். குரலில் பயம் இருந்தது. என் அம்மா பயந்து நான் கேட்டதே இல்லை.

"நல்லாருக்கும்மா" என்றார் அண்ணன். பிறகு வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

"அண்ணே, நாளைக்கு வர வேணாம்ணே. போர்டு மாத்தல. இல்லண்ணே, கடை ஓடுது."