ஊமைக் காலுக்கு ஓர் உறை

துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார் வெந்தெலீன். கன்னம் உப்பியிருந்தது, காது சிவந்திருந்தது. துணிக்கு மறுபக்கம் ஒரு கைக்கண்ணாடி. கடைக்கு வந்திருந்த வெளியூர்க்காரர்கள் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்கள். கடைக்காரி ரெனாத்தா மட்டும் தலை நிமிராமல் ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டே சொன்னாள்: “எச்சி படாம ஊது. போன வாரம் நீ ஊதினத எவனும் தொட மாட்டேங்குறான்.”

அவர் ஊதி முடித்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். மங்கலாக ஒரு ஈரம் படிந்திருந்தது. “மூச்சு வருது. பாப்போம், பாப்போம்” என்றார். ‘பாப்போம், பாப்போம்’ என்றால் அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

அவர் ஊதிப் பார்த்தது கெய்ட்டர் துணியை. பூட்ஸின் கழுத்திலிருந்து முழங்கால் வரை காலைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற உறை அது. பனியும் நீரும் பூட்ஸுக்குள் இறங்காமல் காக்கும். எங்கள் தாத்ரா மலையில் நவம்பரிலிருந்து மே மாதம் வரை அதைக் கட்டாமல் மேலே ஏறுகிறவன் ஒன்று குடித்திருப்பான், இல்லையென்றால் சுற்றுலா வந்திருப்பான். மற்றவர்கள் கடைக்குப் போவார்கள், அளவு சொல்வார்கள், பிடித்த நிறத்தில் வாங்கி வருவார்கள். பத்து நிமிட வேலை. வெந்தெலீனுக்கு அன்று மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது.

வெந்தெலீன் ஒரு சுமைகாரர். வண்டிப்பாதை முடிகிற இடத்திலிருந்து மேலே ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் விடுதிக்கு மாவு, முட்டைக்கோஸ், காஸ் சிலிண்டர், பீர் எல்லாம் அவர் முதுகில்தான் வந்து சேர்கின்றன. நான் அந்த விடுதியில் சமையல்காரி. பதினோரு குளிர்காலமாக நான் பிசைந்த மாவில் ஒரு கைப்பிடிகூட அவர் முதுகில் ஏறாமல் என் அடுப்படிக்கு வந்ததில்லை.

ஆள் ஒன்றும் பீமசேனன் இல்லை. என் காது உயரம்தான் இருப்பார். ஐம்பத்துநான்கு வயது, அறுபத்தைந்து கிலோ. முதுகுச் சுமை மட்டும் எண்பது கிலோ. மரச்சட்டத்தில் அடுக்கிக் கட்டினால் தலைக்கு மேல் ஒரு முழம் நிற்கும். பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஓர் அலமாரி கால் முளைத்து மலையேறுவது போலிருக்கும். முட்டைகளை உச்சியில்தான் கட்டுவார். இத்தனை வருடத்தில் ஒன்று உடைந்து நான் பார்த்ததில்லை. இதை எப்படிச் செய்கிறார் என்று யோசித்து யோசித்து எனக்குச் சலித்துவிட்டது. இப்போது வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதோடு சரி.

அந்தச் சுமையோடு அவரால் குனிய முடியாது. கீழிருந்து விடுதிக்கு மூன்றரை மணி நேரம். அதில் எங்கேயாவது ஒரு பக்கிள் அவிழ்ந்தால் அவிழ்ந்ததுதான். தன் பாதத்தைக் குனிந்து பார்க்கக்கூட முடியாது. கெய்ட்டர் விஷயத்தில் அவர் அடிக்கும் கூத்துகளுக்கெல்லாம் காரணம் இதுதான்.

கூத்து என்றால் சாதாரணக் கூத்தா? முதலில், பருத்த கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பக்கிளைப் போட்டுப் பார்ப்பார். தடுமாறினால் அந்த ஜோடி அலமாரிக்குத் திரும்பிவிடும். ஜிப் முதுகுப்பக்கம் இருந்தால் கையில்கூட எடுக்க மாட்டார். “பின்னாடி பனி கட்டிக்கிட்டா யாரு வந்து தொறக்கிறது, உங்கப்பனா?” என்று கேட்பார். அடுத்து, துணி கெண்டைக்காலில் தொளதொளவென்று நிற்கிறதா என்று இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார். பனிக்கட்டியில் நடக்க பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்கள் கட்டுவோம். தொளதொளத்த துணியில் எதிர்க்காலின் பல் மாட்டினால் ஆள் குப்புற விழுவான், அலமாரி அவன்மேல் விழும். பக்கிளும் காலின் வெளிப்பக்கம்தான் இருக்கவேண்டும். இடது வலது பார்க்காமல் மாற்றிக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பாதையில் கண்டால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் நிறுத்திவிடுவார். ஒருமுறை ஒரு நீதிபதி அம்மாவைப் பாறைமேல் உட்காரவைத்து இரண்டு கெய்ட்டரையும் அவிழ்த்து மாற்றிக் கட்டவைத்தார். அந்த அம்மா வாயைத் திறக்கவில்லையாம்.

கடைசிச் சோதனை ரெனாத்தா கடைக்குப் பின்னால் ஓடும் ஓடையில். கெய்ட்டரைக் கட்டிக்கொண்டு நடுக்கெண்டைக்கால் ஆழத்தில் இறங்கி நிற்பார். ரெனாத்தா ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிக்கும்வரை. அவள் வேண்டுமென்றே மெதுவாகக் குடிப்பாள்.

இதையெல்லாம் முன்பு அவர் செய்ததில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், மலையில் வழி தவறிய ஒரு ஜெர்மன்காரரை இவர் கீழே அழைத்து வந்தார். அவர் நன்றிக்கடனாக ஊருக்குப் போய் ஒரு ஜோடி அனுப்பினார். செக்கச்செவேலென்று, கண்ணைப் பறிக்கும் அழகு. ஒரு சொட்டு நீர் உள்ளே இறங்காத துணி. உள்ளிருந்தும் எதுவும் வெளியே போகாத துணி என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. சுமையோடு ஏறியதில் வியர்வை வழிந்து காலுறைகள் ஊறிவிட்டன. வழியில் கணுக்கால் முறிந்து கிடந்த ஒரு பெண்ணுக்குத் துணையாக, மீட்புக்குழு வரும்வரை இரண்டு மணி நேரம் காற்றில் நின்றார். அவள் பிழைத்துக்கொண்டாள். இவருடைய வலது பாதத்தில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மீதி மூன்றிலும் உணர்ச்சி இல்லை. “பனி என்னை ஒண்ணும் பண்ணல. நனைச்சது நானேதான்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அதற்குப்பின் பார்த்துப் பார்த்து வாங்கிய ஜோடி ஆறு குளிர்காலம் உழைத்துவிட்டு, போன வசந்தத்தில் கிழிந்தது. அதே மாதிரியை இப்போது யாரும் தைப்பதில்லை. அதனால்தான் இந்த மூன்று வார ஊதல்.

அன்று நான் கடைக்குப் போனது வேடிக்கை பார்க்க இல்லை. விடுதியை நடத்தும் பொஹுமில் என்னைத் தூது அனுப்பியிருந்தார். கிறிஸ்துமஸ் வாரத்துக்கு நாற்பத்தாறு பேர் வருகிறார்கள். மாவு இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. காஸ் அந்த அளவுக்குக்கூட இல்லை. நான் அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

“வியாழக்கிழமை சுமை வரணுமாம். வரலேன்னா பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆளுங்களக் கூப்பிட்டுக்குவாராம். இந்த வருஷத்துக்கு மட்டும் இல்ல வெந்தோ. எப்பவுமே.”

வெந்தெலீன் கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். “டாக்டர் என்ன சொன்னாருன்னு அவனுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“இன்னொரு தடவ வெறைச்சா பாதத்தையே எடுக்கணும்னாரு. அப்புறம் நான் சுமை தூக்கவா? ரயில்வே ஸ்டேஷன்ல டிக்கெட் கிழிக்கலாம்.”

“டிக்கெட்டு இப்ப மெஷின் கிழிக்குது” என்றாள் ரெனாத்தா.

மேசைமேல் இரண்டு ஜோடிகள் மிஞ்சியிருந்தன. ஒன்று இலேசானது. கண்ணாடியில் ஈரம் படிந்தது அதில்தான். இன்னொன்றின் அடிவிளிம்பில் தடித்த ரப்பர் பட்டை. பூட்ஸின் அடியோரத்தைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும், ஓடைக்குள் நின்றாலும் விடாது. ஆனால் கனம், புழுக்கம். வெந்தெலீன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இலேசானதில் இடதுகால் உறையையும் ரப்பர் வைத்ததில் வலதுகால் உறையையும் எடுத்து ஒன்றாக வைத்தார்.

“இது ரெண்டும் போதும்.”

ரெனாத்தா இப்போதுதான் தலை நிமிர்ந்தாள். “என்ன விளையாடுறியா? ஜோடியைப் பிரிக்க மாட்டேன். மிச்சத்த யாரு தலையில கட்டுறது?”

“சொல்றதக் கேளு. இடது காலு பேசும். நனைஞ்சா, குளிர்ந்தா கத்தும். அதுக்கு வியர்க்காம இருந்தாப் போதும், மத்தத நான் பாத்துக்குவேன். வலது காலு ஊமை. உள்ள தண்ணி போச்சான்னு வீட்டுக்கு வந்து கழட்டினாத்தான் எனக்கே தெரியும். ஊமைக்குத் தண்ணியே போகக் கூடாது.”

“வியர்வை?”

“பாதி வழியில காலுறை மாத்திக்குவேன். மேல போற பாதையில குறுக்க ஒரு ஓடை வருமே, அதத் தாண்டினதும் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறை இருக்கு, சுமையச் சாய்ச்சு எறக்கலாம். ஆனா அது வரைக்கும் தண்ணி போகக் கூடாது.”

நான் பதினோரு வருடம் அவரோடு ஒரே மேசையில் சூப் குடித்தவள். அந்தப் பாதம் பற்றி அவர் இப்படி நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். ஊமைப் பிள்ளைக்காகப் பள்ளிக்கூடத்தில் வாதாடும் தகப்பன் போலப் பேசினார். ரெனாத்தா இன்னும் முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மிச்சமிருந்த ஒற்றைகள் இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன். இடதில் ரப்பர், வலதில் இலேசு. இன்றுவரை அடுப்புச் சாம்பல் கொட்டப் போகும்போது அதைத்தான் கட்டிக்கொள்கிறேன். விருந்தாளிகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வியாழக்கிழமை காலை பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு. பதினொன்றேகால் மணிக்குப் பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஓர் இளைஞர் விடுதிக்கு வந்து சேர்ந்தார். தேநீரை வாங்கிக்கொண்டு, ஏதோ தமாஷ் சொல்வது போல ஆரம்பித்தார்.

“கீழ ஓடைக்கிட்ட உங்க சுமைகாரரப் பாத்தேன். மேல மூடியிருந்த பனி உடைஞ்சு ஒரு காலு தண்ணிக்குள்ள போயிருச்சு. சுமையோட அப்படியே நின்னாரு. கை குடுக்கட்டுமான்னேன். தள்ளி நில்லு தம்பின்னுட்டு, தடிய ஊன்றி அவரே ஏறி வந்துட்டாரு.”

“எந்தக் காலு?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். “வலது.”

பொஹுமில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். கையிலிருந்த கட்டையை வைக்கவுமில்லை, அடுக்கவுமில்லை. “பாறைக்கிட்ட சுமைய எறக்குனாரா?”

“பாறையா? அங்க காத்துல பனி மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. பாறையே தெரியல.”

ஓடையிலிருந்து விடுதிக்கு ஒன்றரை மணி நேரம். கீழே திரும்புவதென்றால் இரண்டு. அவர் மேலேதான் வருவார் என்று எங்களுக்குத் தெரியும். இறக்க இடமில்லாமல், குனிய வழியில்லாமல், அந்தக் காலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் வருவார். பொஹுமில் மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கள் பக்கத்தில் சுமைகாரர் கேட்காமல் அவர் சுமையைத் தொடுவது அவரைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். பொஹுமிலுக்கு அது தெரியும். ஆனாலும் போனார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஏரிக்கரை மேட்டில் முதலில் முட்டைப் பெட்டி தெரிந்தது, அப்புறம் மாவு மூட்டை, அப்புறம் தலை. ஒவ்வோர் அடியும் அளந்து வைத்தது போல ஒரே சீராக இருந்தது. ஓர் அடிகூட வேகமாக இல்லை. பயந்தவன் ஓடுவான், நானாக இருந்தால் ஓடியிருப்பேன். ஓடினால் வியர்க்கும், வியர்த்தால் அதுவும் ஈரம்தான். ஒன்றரை மணி நேரம் அந்தப் பயத்தை முதுகில் எண்பது கிலோவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தன் வழக்கமான நடையிலேயே நடந்து வந்திருக்கிறார் மனிதர். அவரைப் பார்க்க எனக்கு அப்போது கொஞ்சம் அச்சமாகக்கூட இருந்தது. இரண்டடி பின்னால், கைகளை மேலங்கிப் பைக்குள் திணித்தபடி பொஹுமில் வந்தார்.

அடுக்களை வாசல் மேடையில் சுமையைச் சாய்த்து இறக்கினார் வெந்தெலீன். உள்ளே வந்து அடுப்பருகே பெஞ்சில் உட்கார்ந்தார். வலது கெய்ட்டர் அடுப்புக் குழாய் போல விறைத்து நின்றது. முஷ்டியால் தட்டினார், பனி ஓடு ஓடாகத் தரையில் சிதறியது. பக்கிள் உறைந்து போயிருந்தது. நான் வெந்நீர்த் துணியை அதன்மேல் வைத்துப் பிடித்தேன். ரப்பர் விளிம்பு பூட்ஸைக் கவ்விக்கொண்டிருந்தது, உரித்துத்தான் எடுக்க முடிந்தது. பூட்ஸைத் தானே கழற்றினார். அதற்குமேல் குனியவில்லை. காலுறையோடு பாதத்தை பொஹுமில் பக்கம் நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

“நீ தொட்டுச் சொல்லுய்யா. எனக்குத் தெரியாது.”

பொஹுமில் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, காலுறைக்குள் விரல்களை விட்டார். விரல் நுனி வரை போய்த் தடவினார்.

பிறகு பொஹுமில் காய்ந்தே இருந்த அந்தக் காலுறையை மெதுவாகக் கழற்றி, எழுந்து, அதை வெந்தெலீனின் கன்னத்தில் வைத்து அழுத்தினார். வெந்தெலீன் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கையைத் தன் கன்னத்தோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.