மச்சச் சட்டிக்குள் விற்றமின்

2025 ஓகஸ்ட் 4, திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பது. மழை இல்லை; சோளகக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறி ஏழாம் நாள். கொடியேற்றத்துக்கு முதல்நாளே அடுப்படியைக் கழுவி, மீன் சமைக்கும் மச்சச் சட்டிகளை விறகுக் கொட்டிலில் கொண்டுபோய் வைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். மகளின் விற்றமின் போத்தலைத் தேடிப்போன எனக்கு, அது அந்தச் சட்டியொன்றுக்குள் கிடைத்தது.

மகளுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளை வேண்டுமென்று நேர்த்தி வைத்து, நான்கு வருடமாக மீனும் முட்டையும் தொடாதவள். இரத்தத்தில் பி12 குறைவு, வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கும் நரம்புக்கும் அது வேண்டும், ஒருநாளும் விடக்கூடாது என்று டொக்டர் என்னிடமே சொல்லி முப்பது குளிசை தந்திருந்தார்.

எண்ணினேன். தந்து பதின்மூன்று நாள்; பதினேழு இருக்க வேண்டும். இருபத்துமூன்று இருந்தன.

"இஞ்சேர், ஆறு நாளாய்க் குடுக்கேல்லையோ?" என்று மனைவியைக் கேட்டேன்.

"உந்தக் குளிசையின்ரை கூடு மாட்டெலும்பிலை செய்யிறதாம். போனிலை காட்டினவங்கள். கொடியேறின நேரத்திலை அதை வீட்டிலை எப்பிடிக் குடுக்கிறது? தீர்த்தம் முடியக் குடுப்பன்."

"தீர்த்தம் முடியுமட்டும் பிள்ளை வளராமல் பாத்துக்கொண்டிருக்குமோ?"

"எண்ணிறதை விட்டால் உங்களுக்கு வேறை வேலை இல்லை. முருகன் தந்த பிள்ளை. அவருக்குத் தெரியும்."

சத்தம் கேட்டு மகள் வந்தாள். குளிசை முடிந்துவிட்டது என்று தாய் அவளுக்குச் சொல்லியிருந்தாள். கூட்டைக் கழற்றித் தூளை மட்டும் கொடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. செய்யவில்லை. முழுதாக விழுங்கச் சொன்ன மருந்து. அதில் பேரம் பேச எனக்கு மனமில்லை.

"பாவமெண்டால் எனக்கு வரட்டும்," என்று ஒன்றை நீட்டினேன்.

"தண்ணி தாங்கோ அப்பா," என்றாள். தாயைப் பார்த்தபடியே விழுங்கினாள்.

அன்றிலிருந்து போத்தல் என் சட்டைப் பையில். தினமும் ஒன்று, சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்றே கொடுத்தேன். மச்சத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவருக்குத் தான் உலை வைக்கப்போவதில்லை என்று மனைவி சொல்லிவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். ஓகஸ்ட் 22, தீர்த்தத்தோடு திருவிழா முடியும்வரை மகள் விழுங்கிய குளிசை பத்தொன்பது. அந்தப் பத்தொன்பது நாளும் எனக்கு மத்தியானம் கடைச் சாப்பாடு, பார்சல் நானூறு ரூபாய். மொத்தம் ஏழாயிரத்து அறுநூறு ரூபாய்.